மோட்டாரைச் சுடுவது எது?

கத்திரி வெயில் நாளில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏசி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் புதிர் பழக்கமானதுதான். காலையில் அறை நன்றாகக் குளிர்கிறது. பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு, குளிர் மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்து, வெறும் காற்று மட்டும் வருகிறது. மெக்கானிக்குக்கு போன் போட்டால் கோடையில் அவருக்கும் வேலை நெருக்கடி. வந்து சேர மாலையாகிவிடும். அதற்குள் ஏசி தானாகவே ஓடத் தொடங்கியிருக்கும். "நல்லாத்தானே ஓடுது" என்று அவர் போய்விடுவார். மறுநாள் இரண்டு மணிக்கு மறுபடியும் நிற்கும். இப்படிச் சில வாரம் ஓடியபின் ஒருநாள் வெளிப்பெட்டியின் விசிறி அடியோடு நின்றுபோகும். "மோட்டார் வெந்துருச்சு அண்ணாச்சி, மாத்திருவோம்" என்பார் மெக்கானிக். புது மோட்டார் வரும். அடுத்த கோடையில் அதுவும் வேகும்.

பலரும் முதலில் சந்தேகப்படுவது கேஸை. கேஸ் குறைந்த ஏசி இரவிலும் மந்தமாகத்தான் குளிர்விக்கும். காலையில் நன்றாக ஓடி, உச்சி வெயிலில் நின்று, வெயில் தாழ்ந்ததும் தானே எழுந்துகொள்ளும் ஏசியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் வெளிப்பெட்டியின் விசிறி மோட்டார். அதுவும்கூட நோயின் வேர் அல்ல, நோய் தெரியும் இடம். அந்த மோட்டாரைச் சுடுவது எது என்று கண்டுபிடிக்காமல் மோட்டாரை மட்டும் மாற்றுவதால்தான் கோடைதோறும் செலவு வருகிறது.

வெளிப்பெட்டி செய்யும் வேலை

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஒரு டன் ஏசி என்றால் நொடிக்கு மூன்றரை கிலோஜூல் வெப்பத்தை, அதாவது 3.5 கிலோவாட் வீதத்தில், அள்ளும் திறன். ஒரு நாளில் ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டியை உருக்கத் தேவைப்படும் வெப்பத்தின் வீதம் அது. பனிக்கட்டியால் குளிரூட்டிய காலத்து அளவு இன்றும் நிலைத்துவிட்டது. ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து ஐந்து கிலோவாட்டுக்கும் சற்று அதிகமாக அள்ளுகிறது. அதை அள்ள கம்ப்ரசர் செலவழிக்கும் ஒன்றரை கிலோவாட் அளவு மின்சாரமும் வெப்பமாக மாறி அதனுடன் சேர்கிறது. ஆக ஆறரை கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை வெளிப்பெட்டி இடைவிடாமல் காற்றில் கொட்டியாக வேண்டும்.

கொட்டும் இடம்தான் கண்டென்சர் சுருள். பெட்டியின் பின்புறமும் பக்கவாட்டிலும் நெருக்கமான அலுமினியத் தகடுகளுடன் தெரிவது அதுவே. அதற்குள் ஓடும் குளிரூட்டுவளி வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியேறும். வெளியே 40 டிகிரி செல்சியஸ் என்றால் சுருளுக்குள் 50 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். விசிறி பின்புறத்திலிருந்து காற்றை இந்தத் தகடுகளின் ஊடே இழுத்து முன்புறமாகத் தள்ளுகிறது. மோட்டார் இருப்பது சுருளுக்கும் இறக்கைக்கும் நடுவில். அதாவது சுருளைத் தாண்டி எட்டு, பத்து டிகிரி சூடேறிய காற்று வரும் வழியில்.

ஏசியின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் திறன் வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்து அளந்தது. மே மாதப் பிற்பகலில் நம் ஊர் மொட்டை மாடியில் வெயிலை நேராக வாங்கும் பெட்டியைச் சுற்றி அந்த 35 டிகிரி இருப்பதில்லை. 40 டிகிரிக் காற்று உள்ளே போனால் மோட்டாரைத் தொடும்போது அது 50 டிகிரியை நெருங்கிவிடும். அந்தக் காற்றை நம்பித்தான் மோட்டார் தன் உடம்புச் சூட்டை ஆற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு தொட்டிக் கணக்கு

ஒரு மோட்டார் எவ்வளவு சூடாகும் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்வோம். மேலே குழாய் திறந்திருக்கிறது. அடியில் ஒரு துளை. அதன் வழியே நீர் பக்கத்து வாய்க்காலுக்குப் போகிறது. தொட்டியில் நீர் உயர உயர அழுத்தம் கூடி, துளை வழியே வேகமாக வெளியேறும். வருவதும் போவதும் சமமாகும் உயரத்தில் நீர்மட்டம் நின்றுவிடும்.

நீர்மட்டம்தான் மோட்டாரின் வெப்பநிலை. குழாய் நீர், மோட்டாருக்குள் உண்டாகும் வெப்பம். இவ்வளவு சிறிய மோட்டார்களில் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி சூடாகவே வீணாகிறது. அடித்துளை, மோட்டாரைத் தழுவிப் போகும் காற்று. வாய்க்காலில் ஏற்கெனவே நிற்கும் நீர், அந்தக் காற்றின் வெப்பநிலை. வாய்க்கால் நிரம்பி நின்றால் தொட்டி நீர் அதைவிட உயர்ந்தால்தான் வடியும்.

எனவே மோட்டார் சுட்டால் மூன்று கேள்விகள்தான் கேட்க வேண்டும். குழாய் அதிகம் திறந்ததா? துளை அடைபட்டதா? வாய்க்கால் நிரம்பியதா? மெக்கானிக்குகள் அனுபவத்தால் சொல்லும் அத்தனை காரணங்களும் இந்த மூன்றில் ஒன்றிலோ பலவற்றிலோ அடங்கிவிடும்.

பஞ்சு செய்யும் கெடுதல்

ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன்பின் நூற்பாலைகள் பெருகின. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். ஏசிக்கும் பஞ்சாலைக்கும் பழைய உறவு உண்டு. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் வடிவமைத்த இயந்திரம் நவீன ஏசியின் தொடக்கம். 1906-ல் அந்தத் துறைக்குப் பெயர் வைத்த ஸ்டூவர்ட் கிராமர், நூல் அறாமலிருக்கக் காற்றில் ஈரம் சேர்க்கும் வேலையில் இருந்த அமெரிக்கப் பஞ்சாலைப் பொறியாளர். ஏசியை வளர்த்தெடுத்த பஞ்சு, நம் தெருக்களில் அதே ஏசியின் எதிரியாகவும் இருக்கிறது.

மில்லுக்கோ தறிக்கூடத்துக்கோ பக்கத்தில் உள்ள வெளிப்பெட்டியை முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். காற்று வெளியேறும் பக்கம் அது. சுவரை ஒட்டியிருக்கும் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அலுமினியத் தகடுகளின் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பஞ்சு இழை அந்த இடைவெளியின் வாயில் குறுக்கே படிகிறது. அடுத்த இழை அதில் சிக்குகிறது. தெருப்புழுதி அதன்மேல் அமர்கிறது. சில மாதங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். ஓரத்தை நகத்தால் கிளப்பினால் முழுசாக உரிந்து வரும். உரிந்த இடத்தில் அலுமினியம் புதிதாகப் பளிச்சென்று இருக்கும்.

இந்தப் படலம் மூன்று கெடுதல்களையும் ஒரே நேரத்தில் செய்கிறது. காற்றின் அளவு குறைவதால் ஒவ்வொரு துளிக் காற்றும் அதிக வெப்பத்தைச் சுமக்கிறது: வாய்க்கால் நிரம்புகிறது. மோட்டாரைத் தழுவும் காற்றும் குறைகிறது: துளை அடைபடுகிறது. மூன்றாவது கெடுதல் பலருக்கும் வியப்பாக இருக்கும். காற்று வரும் வழியை அடைத்தால் விசிறிக்கு வேலை குறையத்தானே வேண்டும்? மில்களில் உள்ள புளோயர் போன்ற மையவிலக்கு விசிறிகளில் அப்படித்தான்; வழி அடைபட்டால் மோட்டாரின் கரண்ட் குறையும். ஏசியின் வெளிப்பெட்டியில் இருப்பது இறக்கை விசிறி. அதில் நடப்பது நேர்மாறு. வழி அடைபட்டால் இறக்கை ஒரே காற்றைப் போட்டுக் கடைந்துகொண்டிருக்கும், சுமை கூடும். குழாயும் அதிகம் திறக்கிறது.

காற்றுக்கு வேறு தடைகளும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றியுள்ளதைப் போன்ற குறுகலான சந்துகளில் இரண்டு கட்டடங்களின் வெளிப்பெட்டிகள் எதிரெதிரே இருந்தால், ஒன்று வெளியேற்றும் சூட்டை மற்றொன்று இழுக்கும். பால்கோவா கிண்டும் விறகடுப்பின் புகைபோக்கி அருகே மாட்டினால் வாய்க்கால் முதலிலேயே நிரம்பியிருக்கும். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று இன்னொரு தொல்லை. மேற்குப் பார்த்து மாட்டிய பெட்டியில் விசிறி அந்தக் காற்றை எதிர்த்துத் தள்ள வேண்டும். ஏசி நின்றிருக்கும்போது காற்றே இறக்கையைத் தலைகீழாகச் சுற்றிவிடும்; மீண்டும் கரண்ட் வரும்போது அந்தச் சுழற்சியை நிறுத்தி எதிர்த்திசைக்குத் திருப்ப மோட்டார் திணறும்.

மின்தேக்கி என்ற சின்ன டப்பா

ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் விசிறி மோட்டாரில் ஒரே ஒரு சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அதன் காந்தப்புலம் சுழலாது. நொடிக்கு 50 முறை ஒரே கோட்டில் முன்னும் பின்னும் மாறிக்கொண்டிருக்கும். நடுவில் உள்ள சுழலிக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று வழி தெரியாது. அதனால் இரண்டாவது சுருள் ஒன்றைச் செங்குத்தாக வைத்து, அதில் ஓடும் மின்னோட்டத்தைக் கால் சுற்று முந்திப் போகச் செய்கிறார்கள். இரண்டும் சேர்ந்து சுழலும் காந்தப்புலம் ஆகின்றன. அந்தக் கால் சுற்று முந்தலைத் தருவது மின்தேக்கி. சீலிங் ஃபேனுக்கு நாம் 'கண்டென்சர்' என்று கடையில் கேட்டு வாங்குவதும் இதைத்தான்; ஏசியின் கண்டென்சர் சுருள் வேறு. மின்தேக்கி கெட்ட சீலிங் ஃபேன் முனகிக்கொண்டு நிற்பதையும், குச்சியால் தள்ளினால் தள்ளிய பக்கம் சுற்றுவதையும் எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம்.

மின்தேக்கி ஒரே நாளில் சாவது குறைவு. மெல்ல மெல்லத் தேய்கிறது. உள்ளே இருப்பது உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். எங்காவது சிறு பொத்தல் விழுந்தால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகி, பழுது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பளவு போய்விடும். சூடு கூடினால் இது வேகமாக நடக்கும். டப்பாவின் மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்க, மீட்டரில் 1.7 காட்டும். விசிறி அப்போதும் சுற்றும். ஆனால் திருகுவிசை குறைந்து, வேகம் குறைந்து, சுழலியில் வெப்பம் கூடும். வேகம் குறைந்தால் காற்றும் குறையும். மோட்டார் சூடேறினால் செம்புக் கம்பியின் மின்தடை கூடி இன்னும் பலவீனமாகும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

மின்னழுத்தம் குறைந்தாலும் இதே கதைதான். தூண்டல் மோட்டாரின் திருகுவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆனால் திருகுவிசை ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கும். கிரீஸ் வற்றிய பேரிங் இருந்தால் அந்த மூன்று பங்கிலும் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

பத்து டிகிரியின் விலை

மோட்டார் எப்படி வேகிறது? செம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. அது உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். வேகுவது கம்பியின்மேல் பூசியிருக்கும் காப்பு, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே தடிமனான வார்னிஷ் பூச்சு. ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் தொடாமல் பிரித்து வைப்பது அதுதான்.

1930-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் மான்ட்சிங்கர், மின்மாற்றிகளின் காப்பைப் பற்றிய ஆய்வில் ஒரு ஒழுங்கைக் கண்டு வெளியிட்டார். ஒவ்வொரு 8 டிகிரி கூடும்போதும் காப்பின் ஆயுள் பாதியாகிறது. 1948-ல் தாமஸ் டாக்கின் அதன் காரணத்தை விளக்கினார். காப்பு நலிவது ஒரு வேதிவினை. வெப்பம் கூடினால் வேதிவினை வேகமெடுக்கும் என்று ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸ் 1889-லேயே வகுத்த விதி இதற்கும் பொருந்தும் என்றார். 10 டிகிரிக்கு ஆயுள் பாதி என்பது இன்று பொறியாளர்களின் வாய்ப்பாட்டு விதி.

பல ஆண்டு ஆயுளைச் சில மாதங்களில் எப்படி அளப்பது? காப்பிட்ட இரண்டு கம்பிகளை முறுக்கி, பல அடுப்புகளில் பயன்பாட்டு வெப்பத்தைவிட அதிகமான வெவ்வேறு சூட்டில் வைக்கிறார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்து மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்கிறார்கள். எது எத்தனை மணி நேரத்தில் தோற்றது என்று குறித்து, அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் இணைத்து, குறைந்த சூட்டுக்கு நீட்டுகிறார்கள். 20,000 மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வெப்பநிலையே அந்தக் காப்பின் வகுப்பு. மோட்டார் தகட்டில் 'பி' என்றிருந்தால் 130 டிகிரி. 'எஃப்' என்றால் 155.

நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 20,000 மணி என்பது ஏறக்குறைய ஏழு ஆண்டு. 130 டிகிரி வகுப்பு மோட்டாரை 160-ல் ஓட்டினால் ஆயுள் மூன்று முறை பாதியாகி, ஓராண்டுக்குள் முடிந்துவிடும். பஞ்சுப் படலமும் தேய்ந்த மின்தேக்கியும் சேர்ந்து கூட்டும் அந்த முப்பது டிகிரிதான் ஆண்டுதோறும் மோட்டார் மாற்றச் செய்கிறது.

இரண்டு மணிக்கு நிற்பது ஏன்

பெரும்பாலான மோட்டார்களில் சுருளை ஒட்டி ஒரு வெப்பத் துண்டிப்பான் இருக்கும். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய சிறு தகடு அது. சூடு எல்லையைத் தாண்டினால் 'டக்' என்று எதிர்ப்பக்கம் வளைந்து இணைப்பைப் பிரிக்கும். ஆறியதும் திரும்பவும் சேர்க்கும். விசிறி நின்றதும் கண்டென்சர் சுருளின் வெப்பம் போக வழியின்றி அழுத்தம் ஏறும். கம்ப்ரசரும் தன் துண்டிப்பானால் நிற்கும். அறைக்குள் இருக்கும் புளோயர் மட்டும் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருக்கும்.

காலையில் வாய்க்கால் தாழ்ந்திருக்கிறது. குறை இருந்தும் நீர்மட்டம் எல்லையைத் தொடவில்லை. பிற்பகலில் வெளிக்காற்று பத்து டிகிரி கூடும்போது, அதே குறை எல்லையைத் தாண்ட வைக்கிறது. மாலையில் வந்த மெக்கானிக் சொன்னதும் உண்மை, வீட்டுக்காரர் சொன்னதும் உண்மை. குறை காலையிலும் மாலையிலும் இருந்தது. வெயில் அதைக் காட்டிக்கொடுத்தது.

கண்டுபிடிக்கும் வரிசை

வெளிப்பெட்டியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. மெயினை அணைத்த பிறகும் மின்தேக்கி மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இன்வெர்ட்டர் ஏசியின் சர்க்யூட் போர்டில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் சில நிமிடங்கள் நிற்கும். புது ஏசிகளில் உள்ள ஆர்-32 வாயு தீப்பற்றக்கூடியது. வீட்டுக்காரர் செய்யக்கூடியது, நின்ற நேரத்தில் தள்ளி நின்று கவனிப்பது. கம்ப்ரசர் உறுமுகிறது, விசிறி சுற்றவில்லை என்றால் உடனே மெயினை அணைத்துவிட வேண்டும். விசிறியைக் குச்சியால் தள்ளிப் பார்க்கவே கூடாது.

மெக்கானிக்குக்கு ஏற்ற வரிசை செலவில்லாததிலிருந்து தொடங்குகிறது. முதலில் பின்பக்கச் சுருள்: படலத்தை நீக்கி, மோட்டாரை மூடிவிட்டு, அழுத்தம் அதிகமில்லாத தண்ணீரால் தகடு மடங்காமல் கழுவுவது. அடுத்தது, மின்சாரம் இல்லாதபோது இறக்கையைக் கையால் சுற்றுவது: நன்றாக இருக்கும் பேரிங் சத்தமின்றிச் சுற்றி மெல்ல நிற்கும். சொரசொரப்போ பக்கவாட்டு ஆட்டமோ இருந்தால் குறை அங்கே. மூன்றாவது, மின்தேக்கியை மீட்டரில் அளப்பது. நான்காவது, கம்ப்ரசர் ஓடும்போது மோட்டார் முனையில் வோல்ட் பார்ப்பது, கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பார்த்துத் தகட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுவது.

இத்தனைக்கும் பிறகுதான் மோட்டாரின் சுருள். உள்ளே எவ்வளவு சூடு என்று திறக்காமலே அறிய ஒரு வழி உண்டு. செம்பின் மின்தடை 10 டிகிரிக்கு ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கு கூடும். மின்தேக்கி வைத்த சாதாரண மோட்டாரில், இரவெல்லாம் ஆறிய சுருள் காலை 30 டிகிரியில் 100 ஓம் காட்டுகிறது. பிற்பகலில் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, இணைப்பைக் கழற்றி உடனே அளந்தால் 135 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுருளின் சராசரிச் சூடு ஏறக்குறைய 120 டிகிரி. தொழிற்சாலைச் சோதனைக்கூடங்களும் மோட்டாரின் சூட்டை இப்படித்தான் அளக்கின்றன. இன்வெர்ட்டர் ஏசியின் டிசி விசிறி மோட்டாரில் இந்த மின்தேக்கி கிடையாது. அங்கே போர்டையும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

வெந்த மோட்டாரும் சாட்சி சொல்லும். காயில் கட்டும் கடையில் பிரித்துப் பார்க்கும்போது சுருள் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால், நெடுநாள் சூட்டில் மெல்ல வெந்திருக்கிறது. பஞ்சு, மின்தேக்கி, வோல்ட் மூன்றையும் விசாரிக்க வேண்டும். ஒரே இடம் பொசுங்கி மற்றவை தேன் நிறத்தில் இருந்தால், அந்த இடத்தில் காப்பு முறிந்திருக்கிறது. புது மோட்டார் போடும்போது தகட்டில் எந்தச் சுற்றுப்புற வெப்பத்துக்கு உரியது என்று பார்ப்பது முக்கியம். பொதுவான மோட்டார்கள் 40 டிகிரிக் காற்றைக் கணக்கில் வைத்துச் செய்யப்படுபவை. கண்டென்சர் விசிறிக்கென்று செய்தவற்றில் சிலவற்றுக்கு 60, 70 டிகிரி என்று போட்டிருக்கும். குதிரைத்திறன் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடாது.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணிக்குக் கூலி கொடுக்க நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. மாற்றிய பொருளுக்குக் காசு கொடுப்போம், பார்த்ததற்குக் கொடுக்க மாட்டோம். மே மாத மொட்டை மாடியில் நிற்கும் இளைஞர், பார்ப்பதற்குப் பணமில்லை என்றால் மாற்றத்தான் சொல்வார். எனவே அடுத்த முறை அவரை அழைக்கும்போது பிற்பகலிலேயே வரச் சொல்லுங்கள். மின்தேக்கியின் அளவு, ஓடும் கரண்ட், முனையில் வோல்ட் ஆகிய மூன்றையும் எழுதித் தரச் சொல்லி, அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். மில் பக்கத்து வீடு என்றால் பங்குனியிலேயே சுருளைக் கழுவிவிடுங்கள். மோட்டார் விலையில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது.